எதிரே நிற்பவரின் வேலை

கதவு திறப்பதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் அமலதாஸ் கதவு திறப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்டி வாவிக்கு மேலே, மரங்களுக்குள் பாதி மறைந்து நிற்கும் ஹோட்டலின் வாசலில், வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சிவப்புப் பட்டியுமாக அவர் நிற்பார். வண்டி வளைவில் ஏறும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து, அதை இடது தோளால் தாங்கிக்கொள்வார். அப்போதுதான் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூட முடியும். கூடுகிற கைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பொந்து இருக்க வேண்டும். தட்டையாக ஒட்டினால் கை தட்ட வந்தவர் போலத் தெரியும். தலை குனியும்போது பார்வை வந்தவரின் சப்பாத்தில் விழ வேண்டும். அதற்கும் கீழே போனால் கூனல், மேலே நின்றால் திமிர். பஸ்ஸில் கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒரு சுருக்கமான குனிவு. வயதானவர்களுக்கு நிதானமாக ஒன்று. குழந்தை வந்தால் ஒரு முழங்காலை மடித்து அதன் உயரத்துக்கே இறங்கிவிடுவார்.

வேலை முடிந்ததும் உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கால்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். "குனியறது அந்த உடுப்போட சேந்தது. கழட்டுனா அதுவும் ஆணியில தொங்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

ஹோட்டலில் அந்த வருடம் ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு ஏனங்கள் கழுவி முடிந்த பிறகு, ஊழியர் சாப்பாட்டு அறையிலேயே வகுப்பு. படிப்பித்தவர் றஞ்சனா டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டிப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அமலதாஸ் தானே ஒரு சொல்லைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினார். அறைகளில் வைக்கிற சிறு புத்தகத்தில், கண்டி நடனக்காரர்கள் ஆடத் தொடங்கும் முன் ஏதோ செய்வதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது என்னவென்று ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசலில் வைத்துக் கேட்க, அவர், அதுவும் ஒரு வகை ஆட்டம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

"ஒபேசன்ஸ்" என்று றஞ்சனா டீச்சர் வாசித்தார். "நடுவில இருக்கிற பே-யை அழுத்துங்கோ. நல்ல கனமான சொல்லு. இண்டைக்கு இது ஒண்டு போதும்."

வெளியே ஹந்தானை மலையை மழை மறைத்துவிட்டிருந்தது. கூரைத் தகரத்தின் சத்தத்துக்கு மேலாக டீச்சர் குரலை உயர்த்தினார்.

"இது உடம்பால செய்யிறது. மனசுக்குள்ள மட்டும் மரியாதை வச்சிருந்தா அது ஒபேசன்ஸ் இல்லை. குனியோணும், இல்லாட்டி முழந்தாளில இருக்கோணும், தலையைச் சாய்க்கோணும். மரியாதையும் அதுக்குள்ள இருக்கு, 'நான் உங்களுக்குக் கீழ' எண்ட பணிவும் இருக்கு. கீழ்ப்படியிறதுக்கு ஒபே எண்டு சொல்லுறமே, அதின்ர சொந்தக்காரன்தான் இவர். விளங்குதோ?"

சலவைப் பகுதியில் வேலை செய்யும் சகீனா கையைத் தூக்கினாள். அக்குறணைக்காரி, எதையும் தெளிவாகக் கேட்காமல் விடமாட்டாள்.

"எங்கட பக்கம் மனிசருக்குக் குனியிற பழக்கமில்ல மிஸ். தொழுகையில குனியிற ருகூவும் நெத்திய நிலத்துல வெக்கிற சுஜூதும் அல்லாஹ்வுக்கு மட்டுந்தான். உம்மா வாப்பாட கையப் புடிச்சி முத்தம் வெக்கிறது ஈக்கி. அது இந்தச் சொல்லுக்குள்ள வருமா?"

"குனியாமலே முத்தம் வைக்கிறனீங்கள்?"

"கொஞ்சம் குனியத்தான் வேணும். எங்கட உம்மா கட்டை."

எல்லோரும் சிரித்து முடிய, டீச்சர் அமலதாஸிடம் திரும்பினார். "நீங்கள் வாசல்ல நாள் முழுக்கச் செய்யிறது?"

"அது சம்பளம் மிஸ்."

"சம்பளத்துக்குச் செய்தா ஒபேசன்ஸ் இல்லையோ? நல்ல கேள்வி. எனக்கும் மறுமொழி தெரியாது." டீச்சர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "சரி, அடுத்த வகுப்புக்கு எல்லாரும் தங்கட வீட்டில நடக்கிற ஒபேசன்ஸ் ஒண்டை ஒரு வசனமாச் சொல்லோணும்."

"எங்க வீட்டுல அப்பிடி ஒன்னும் கெடையாதே மிஸ்" என்றார் அமலதாஸ்.

"அப்ப இல்லை எண்டு சொல்லுங்கோ. அதுவும் ஒரு வசனம்தானே."

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அமலதாஸ் வசனத்தைக் கட்டினார். இன் மை ஹவுஸ் தேர் இஸ் நோ ஒபேசன்ஸ். பே-யை அழுத்தி இன்னொரு தரம். பக்கத்தில் நின்றவர் ஏதோ ஜெபம் என்று நினைத்து விலகி இடம் கொடுத்தார்.

வீட்டில் கத்தரீனா றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டுகஸ்தோட்டையில் இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு அவள்தான் றோல்ஸ் கொடுக்கிறாள். மெல்லிசாக ஊற்றிய அப்பத்தில் கிழங்கும் மீனும் மிளகும் பிசைந்த கறியை வைத்து, முதலில் இரு பக்கத்தையும் உள்ளே மடித்து, அப்புறம்தான் உருட்ட வேண்டும். உருட்டிவிட்டு மடித்தால் எண்ணெயில் வாயைத் திறந்துவிடும். பிறகு கரைத்த மாவில் ஒரு முக்கு, பாண் ரொட்டித் தூளில் ஒரு புரட்டு. வலது கை மாவுக்கு, இடது கை தூளுக்கு. கை மாறினால் விரலெல்லாம் கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

"ஏங்க, திலினவோட அம்மா போன் போட்டாங்க. ஞாயித்துக்கெழம வர்றாங்களாம்" என்றாள் கத்தரீனா.

திலின அம்பிட்டியப் பையன். சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். அமலதாஸின் ஒரே மகள் ஷாமலா டவுனில் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். அங்கே அவளோடு கூட வேலை செய்கிறவன்தான் திலின. மொழி வேறு என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கோயில் ஒன்றுதானே என்று இறங்கி வந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சை முறையாகப் பேசி முடிக்கத்தான் இந்த வருகை.

ஷாமலா உற்சாகமாகப் போனை நீட்டினாள். "அப்பா, இதப் பாருங்களேன். அவரோட அண்ணன் கல்யாணம். இப்பிடித்தான் எங்களுக்கும் செய்வாங்களாம்."

சின்னத் திரையில், வெள்ளைச் சேலை கட்டிய மணப்பெண் ஒரு கட்டு வெற்றிலையை மாமனாரிடம் கொடுத்து, முழந்தாளிட்டு, அவர் காலடியில் தலை வைத்து வணங்கினாள். அடுத்தது மாமியாரிடம். அத்துடன் படம் முடிந்துவிட்டது.

"இன்னொருக்கா போடு" என்றார் அமலதாஸ். மறுபடி பார்த்தார். "இத நீ செய்யணுமா?"

"ஆமாப்பா. வெத்தல குடுத்துக் கும்புடுறது."

"கும்புடுறது இல்ல. கால்ல விழுறது."

"அவங்க வழக்கம்ப்பா. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. அழகா இருக்குல்ல?"

அமலதாஸ் போனைத் திருப்பிக் கொடுத்தார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "எங்க அப்பா எப்பிடி நிப்பாருன்னு உனக்குத் தெரியாது. கலஹா தோட்டத்துல தொரையோட ஜீப்பு வளைவுல வந்தாலே ரோட்டோரக் கானுக்குள்ள எறங்கிருவாரு. தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு, குனிஞ்சு நிப்பாரு. மழத்தண்ணி மொழங்கால் வரைக்கும் ஓடும். நானும் பக்கத்துல நிப்பேன். ஜீப்பு போற வரைக்கும் நிமிரக் கூடாது. எம்புள்ள எவன் முன்னுக்கும் அப்பிடி நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணது."

"திலினவோட அப்பா தொரையா? அவரு றெயில்வேல இருந்தவருப்பா."

"யாரா இருந்தா என்ன. அந்தச் சடங்கு இல்லன்னா கல்யாணம் நடக்கட்டும். இருந்தா நான் வரமாட்டேன். ஞாயித்துக்கெழம நானே அவங்ககிட்ட சொல்லிருவேன்."

"நீங்க வராத கல்யாணம் எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஷாமலா உள்ளே போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அமலதாஸுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்.

கத்தரீனா தூளில் புரட்டிய றோல்ஸைத் தட்டில் அடுக்கினாள். "நாள் பூரா ஊரான் ஊரானுக்கெல்லாம் குனியிறீங்க. அந்தக் கிழட்டு வெள்ளக்காரனுங்க எல்லாம் உங்களுக்கு மாமனா?"

"அது வேல."

"அப்ப இது என்னா?"

"ஒபேசன்ஸ்" என்றார் அமலதாஸ்.

"எதுவா இருந்தாலும் எம்புள்ள கல்யாணத்துக்குக் குறுக்க வந்துச்சு, கொதிக்கிற எண்ணெயில போட்டுருவேன்."

அடுத்த வகுப்பில் அவர் தன் வசனத்தைச் சொன்னார். டீச்சர் பிழை இல்லை என்று பாராட்டினார். பாராட்டு இனிக்கவில்லை. வகுப்பு முடிந்து மழை விடக் காத்திருந்தபோது சகீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மகள்ட விஷயம் ஞாயித்துக்கெழம தானே தாஸண்ணே? அதுக்கு முகம் ஏன் இப்பிடி ஈக்கி?"

அவர் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "நீங்க நாளெல்லாம் குனியிறீங்க. அவ ஒரு தரம் குனிஞ்சா வானம் உழுந்திடுமா?"

"அவ குனியக் கூடாதுன்னுதானே நான் குனியிறேன்."

"அத அவள்ட்ட செல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"அவ என்ன செல்றா?"

"அன்னையிலருந்து பேசுறதில்ல."

"அப்ப அவளும் செல்லியாச்சு" என்றாள் சகீனா, குடையை விரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்ததிலிருந்து கத்தரீனா றோல்ஸும் கையுமாக அடுப்படியை விட்டு நகரவில்லை. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாசனை ஏறி வந்தது. ஷாமலா நீலச் சேலை கட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். அமலதாஸ் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டார். மரியாதையாக, சுருக்கமாக. தேத்தண்ணி குடித்து முடிந்ததும் சொல்லிவிட வேண்டும்.

வான் ஒன்று கீழே ரோட்டில் நின்றது. படிகளில் முதலில் வாழைக்குலை ஏறி வந்தது, அதன் பின்னால் அதைத் தூக்கிய திலினவின் அப்பா பெனடிக்ற். பிறகு பலகாரப் பெட்டியுடன் அவர் மனைவி. கடைசியாகத் திலின, இரண்டு கையிலும் வெற்றிலைக் கட்டுகள். கல்யாண நாள் மாதிரி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். வெற்றிலைகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தான்.

மழையைப் பற்றியும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நெரிசலைப் பற்றியும் சிங்களத்தில் பேசினார்கள். பெனடிக்ற் சாதுவான, பெரிய உடம்புக்காரர். றெயில் சிக்னல் எப்படி விழுகிறது என்று கேட்டால் பொழுது சாயும்வரை சொல்லக்கூடியவர். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வளையம்தான் இருக்கும், அது கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்க மாட்டார் என்று கையால் வளைத்துக் காட்டினார். அமலதாஸுக்கு அவரைப் பிடித்துப்போனது. அதனால் சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி முடிந்துவிட்டது. இன்னொரு தரம் ஊற்றச் சொல்லலாமா என்று யோசித்தார்.

அப்போதுதான் திலின எழுந்தான். ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, நேரே அமலதாஸின் முன்னால் வந்து நின்றான். வெற்றிலையை நீட்டினான். பாடம் பண்ணி வைத்திருந்த தமிழில், "அப்பா, ஆசீர்வாதம் தாங்க" என்று சொல்லி, முழந்தாளை மடித்தான்.

அமலதாஸுக்கு என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் அவர் கைகள் போய்விட்டன. படியில் வழுக்குகிற முதியவர்களைத் தாங்கிப் பழகிய கைகள். திலினவின் முழங்கால் தரையைத் தொடும் முன்னே அவனை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். "வேணாம் தம்பி, வேணாம். இதெல்லாம் வேணாம். எந்திரிங்க."

திலின வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவன் அம்மா கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பெனடிக்ற்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை. "அப்படியென்றால் உங்களுக்கு விருப்பமில்லை, அப்படித்தானே? முதலிலேயே சொல்லியிருக்கலாம்."

அமலதாஸ் திகைத்துப் போனார். விருப்பமில்லை என்று அவர் எங்கே சொன்னார்? அறை வாசலில் நின்ற ஷாமலாவின் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, வெத்தலய வாங்கித் தலையில கை வைக்கணும். வாங்காம எழுப்பிவிட்டா, பொண்ணு குடுக்க மாட்டேன்னு அர்த்தம்."

"இவரு எதுக்கு என் கால்ல விழணும்? நீதானே அவங்க கால்ல..."

"ரெண்டு பேரும்தாம்ப்பா. ரெண்டு வீட்டுக்கும். பேச்சு முடிக்கிற அன்னைக்கே தொடங்கிருவாங்க. மொதல்ல மாப்பிள பொண்ணோட அப்பா அம்மாவுக்கு."

"வீடியோவுல இல்லியே?"

"அந்தத் துண்டு எனக்கு வரல."

அமலதாஸ் கதிரையின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து ஒழுங்குபடுத்தி வைத்த சிங்கள வசனங்களில் ஒன்றுகூட இப்போது உதவாது. அவர் பெனடிக்ற் பக்கம் திரும்பி, வந்த சிங்களத்தில் பேசினார்.

"ஐயா, கோபிக்காதீங்க. நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் குனிந்து நான் பார்த்திருக்கிறேன். நானும் குனிந்திருக்கிறேன். ஆனால் எதிரில் நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்ததே இல்லை. துரை ஜீப்பில் போய்க்கொண்டே இருப்பார். இறங்கி வந்து தலையில் கை வைக்க மாட்டார்."

பெனடிக்ற் கதிரையை ஒதுக்கிவிட்டு எழுந்து, அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரிய வேலை இல்லை. ஆனால் வேலை இருக்கிறது" என்றார், சிக்னலை விளக்கிய அதே நிதானத்துடன். "இரண்டு கையாலும் வாங்குங்கள். ஒரு கையால் வாங்கினால் மனமில்லாமல் வாங்கியதுபோல் ஆகிவிடும். வாங்கியதைப் பக்கத்தில் வையுங்கள், அப்போதுதான் கை காலியாகும். அவன் தலை கீழே வந்ததும் வலது கையை உச்சியில் வையுங்கள். அழுத்த வேண்டாம். தட்டிக்கொடுக்கவும் வேண்டாம், நாய்க்குட்டி இல்லை. மனதில் நல்லதாக ஒன்றை நினையுங்கள். நினைத்து முடிகிறவரை கையை எடுக்கக் கூடாது. நீங்கள் கை வைக்கும்வரை அவன் எழும்ப மாட்டான்."

"நான் கை வைக்காவிட்டால்?"

"அங்கேயே கிடப்பான். முழங்கால் வலிக்கும்."

திலினவின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

திலின மறுபடியும் வந்தான். அமலதாஸ் இரண்டு கைகளாலும் வெற்றிலையை வாங்கினார். ஈரத் துணியிலிருந்து எடுத்த வெற்றிலை குளிர்ந்திருந்தது. பக்கத்துக் கதிரையில் வைத்தார். பையன் மண்டியிட்டுத் தலை குனிந்தான். கழுத்துப் பின்புறத்தில் புதிதாக வெட்டிய மயிரின் கோடு தெரிந்தது. அமலதாஸ் கை வைத்தார். தலை சூடாக இருந்தது. றஞ்சனா டீச்சர் சொன்ன இரண்டும் அந்தத் தலையில் இருந்தன, மரியாதையும் பணிவும். ஆனால் குனிந்திருந்த பிள்ளையைத் தாங்குகிற பாரம் முழுக்கத் தன் கைக்கு வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். இதை டீச்சரிடம் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நல்லதாக ஒன்றை நினைக்க வேண்டும். நிறைய நினைத்தார், ஒன்றும் வார்த்தையாக வரவில்லை. கடைசியில் வாய் தானாகக் கேட்டது:

"சாப்டியா தம்பி?"

ஷாமலாதான் முதலில் சிரித்தாள். அந்தக் கிழமை முழுக்க அவர் கேட்காத சிரிப்பு. திலின தலையைத் தூக்காமலே, "இன்னும் இல்ல அப்பா" என்றான். அது பாடம் பண்ணாத தமிழ்.

ஷாமலா வெற்றிலைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெனடிக்றின் முன் போய் நின்று, ஒரு கணம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னய ஏன் பாக்குற? அவரு எவ்வளவு நேரம் நிப்பாரு" என்றார் அமலதாஸ்.

அவள் மண்டியிட்டாள். அமலதாஸின் முதுகு தன்னையறியாமல் விறைத்தது. ஆனால் அவர் மகளைப் பார்க்கவில்லை. பெனடிக்றின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை விளக்கமாகப் பாடம் எடுத்த மனிதரின் கை, மகளின் தலைக்கு மேலே அந்தரத்தில் தடுமாறிக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. இறங்கிய பிறகு எடுக்கவே மறந்துவிட்டது.

"அழுத்தாதீங்க ஐயா" என்றார் அமலதாஸ். பெனடிக்ற் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் கத்தரீனா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எல்லாரும் எல்லாருக்கும் வெத்தல குடுத்தாச்சு. அடுப்படியில நிக்கிறவ என்னா பாவம் பண்ணா? நான் பெக்காமத்தான் இந்தப் புள்ள வந்துச்சா?"

திலின பதறிப்போய், அவளுக்கென்று வைத்திருந்த கட்டை எடுத்துவந்து கொடுத்து மண்டியிட்டான். கத்தரீனாவுக்கு யாரும் முறை சொல்லிக்கொடுக்கவில்லை. வெற்றிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவன் தலையில் பதித்து, கண்ணை மூடினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாதாவில் தொடங்கி அவளுக்குத் தெரிந்த புனிதர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

திலின எழுவதற்கு மெல்ல அசைந்தான்.

"இரு தம்பி. அந்தோனியார்ட்ட இன்னும் சொல்லல."

ஒருவழியாக அவள் கையை எடுத்தபோது, எண்ணெய் பூசிப் படிய வாரிய அந்தக் கறுத்த முடியின் மேல், பத்து விரலும் தெளிவாக, புரட்டிய றோல்ஸை இரண்டு கையாலும் அடுக்கியபோது பிடித்த பாண் தூள் பொன்னிறத்தில் ஒட்டியிருந்தது. கத்தரீனா தன் கையைப் பார்த்து, பையனின் தலையைப் பார்த்து, "ஐயோ, மாதாவே" என்றாள். ஷாமலா கைக்குட்டையுடன் ஓடிவந்தாள். திலின இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு பின்னால் போனான்.

"தட்ட வேணாம். இருக்கட்டும்."

சாப்பிடும்போதும் அப்படியே இருந்தான். றோல்ஸைக் கடிக்கக்கூடக் குனியவில்லை. நிமிர்ந்தபடியே வாய்க்குக் கொண்டுபோனான். அவர்கள் புறப்பட்டபோது மழை மறுபடி பிடித்துவிட்டது. வாசலில் தயங்கி நின்ற பையனைப் பார்த்துவிட்டு, அமலதாஸ் மூலையிலிருந்த பெரிய குடையை எடுத்து விரித்தார். தன் தோள் நனைவதைக் கவனிக்காமல், குடை முழுவதையும் அவன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, ஒரு தூளும் நனையாமல் அவனை வான்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.